சிக்னல் பதினொன்று

செவ்வாய் மாலை நாலரைக்கு
மாட்யூலை ஏற்றினேன்.
கிளாக்ஸ்விக் அதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே
இருட்டிவிட்டிருந்தது.
துறைமுக அலுவலகத்தில் நானும் ஹீட்டரும்.
'சின்டாக்ஸ் சரி' என்றது திரை.
சர்வரை நிறுத்தி எழுப்பினேன்.
எழுந்தது.
மேலங்கியை மாட்டி, விளக்கை அணைத்தேன்.

நாலே முக்காலுக்கு ட்ரோண்டுர் கூப்பிட்டார்:
"சுன்வா, நாளைக்குப் படகு உண்டா இல்லையா?
பக்கம் முழுக்க வெள்ளையாக இருக்கிறது."

கால்சோய் தீவுக்குப் போகிற படகு.
காற்றைக் கேட்டுத்தான் கிளம்பும்.
அந்தக் காற்றைப் பக்கத்தில் காட்டத்தான்
இந்தப் பெர்ல் மாட்யூல்.
வானிலை நிலையம் அனுப்புகிற கோப்பைப் பிரித்துப் படித்து
உண்டு, இல்லை என்று ஒரு சொல் போட வேண்டும்.
அவ்வளவுதான் வேலை.

லாக்கைத் திறந்தேன்.
பிள்ளை 4127, சிக்னல் பதினொன்று.
பிள்ளை 4128, சிக்னல் பதினொன்று.
பிள்ளை 4131 –
(நடுவில் இரண்டு எங்கே போயின என்று
இன்றுவரை தெரியாது)
தாய்க்கு அலுப்பே கிடையாது.
ஒன்று விழ விழ இன்னொன்றைப் பெற்றுப் போடுகிறது.
எவரோ தன் சமையலறையிலிருந்து
காற்று எப்படி என்று கேட்டதும்
அது வாசலுக்கு வந்து
தனக்குச் சொந்தமில்லாத முகவரியில்
காலை வைத்துச் சாகிறது.

முதலில் எல்லாரையும் சந்தேகித்தேன்.
நினைவகச் சில்லை. புது கெர்னலை.
போன வாரம் கேபிள் இழுக்க வந்த ஆளை.
என் கையை.
மாட்யூலைக் கழற்றினால் சர்வர் நலம்.
மாட்டினாலும் நலம்தான்,
காற்றைக் கேட்காதவரை.
தொலைபேசி எண்கள் திறக்கும்.
ஆடுகளுக்கான கட்டணம்கூடத் திறக்கும்.
அதே நிரலைத் தனியே ஓட்டினால்
சமர்த்தாகப் படிக்கிறது:
வடமேற்கு, விநாடிக்குப் பதினேழு மீட்டர்.
தனியே பெர்ல் நல்லவன். தனியே சர்வர் நல்லவன்.
ஒரு கூரைக்கடியில்தான் கொலை.

ஒன்பதரைக்கு ஒரு பிள்ளையைப் பிடித்து
டீபக்கரில் கட்டினேன்.
விழுகிற நொடியில் நிறுத்தி
யார் யாரைக் கூப்பிட்டார்கள் என்று
பின்னாலிருந்து படித்தேன்.
ஆறாவது வரியில் ஹானுஸ் ஞாபகம் வந்தது.

எங்கள் தெருவில் இரண்டு ஹானுஸ் லாம்ஹௌகே.
ஒருவர் மீன் ஆலையில் ஃபோர்மேன்.
மற்றவர் தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவர்.
மருத்துவமனை ஒருமுறை
ஒருவரின் இதயத்தைப் பற்றி மற்றவருக்குக் கடிதம் போட்டது.
ஆர்கன்காரர் மூன்று வாரம் படியேறவில்லை.
அந்த மூன்று வாரமும்
ஃபோர்மேன் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தார்.
இப்போது ஆர்கன்காரரின் தபால் பெட்டியில்
பெயருக்கு முன்னால் ஒட்டுநாடாவில்
ஓர் எழுத்து கூடியிருக்கிறது.

சர்வரின் வயிற்றில் ஏற்கெனவே ஒரு லைப்ரரி,
எக்ஸ்பாட், பழையது.
பெர்ல் கூட்டிவந்ததும் எக்ஸ்பாட், புதியது.
பெயர் ஒன்று, உள்ளே அறைகளின் அளவு வேறு.
பெர்ல் தன் ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிட
திரும்பிப் பார்த்தது மற்றவன்.
வந்தான். கடிதத்தை வாங்கிக்கொண்டான்.
இல்லாத அறையின் கதவைத் திறந்தான்.

யாரும் பொய் சொல்லவில்லை.
கூப்பிட்ட குரலுக்கு வந்ததை
எப்படிக் குற்றம் என்பது?

சர்வரை அதன் சொந்த எக்ஸ்பாட் இல்லாமல்
மறுபடி கம்பைல் செய்தேன்.
மாற்றியது ஒரே ஒரு ஆப்ஷன்.
நாற்பது நிமிடம் எழுத்துகள் ஓடின.
ட்ரோண்டுர் மூன்று முறை கூப்பிட்டார்.
மூன்றாவது முறை படகைப் பற்றிக் கேட்கவில்லை,
அங்கே காபி இருக்கிறதா என்றார்.

பதினொன்று இருபதுக்கு எழுப்பினேன்.
காற்றைக் கேட்டேன்.
பிள்ளை சாகவில்லை.
இன்னொரு முறை. இன்னொரு முறை.
லாக்கில் புதிய வரி ஒன்றும் இல்லை.
அந்த ஒன்றுமில்லாததைக் கொஞ்ச நேரம்
படித்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்தில் ஒரே ஒரு சொல்:
இல்லை.
அதன்கீழ், வடமேற்கு, இருபத்து மூன்று.

ட்ரோண்டுரைக் கூப்பிட்டு
"வேலை செய்கிறது, படகுதான் இல்லை" என்றேன்.
"படகு இல்லை என்று பத்து மணிக்கே தெரியும்" என்றார்,
"ஜன்னல் சொன்னது."